படகுக்கு ஒரு எலுமிச்சம்பழம்

கண்ணாடி போட்டும் ஊசியில் நூல் கோக்க வராத வயசுக்கு நாம் வந்துவிட்டோம், ஒத்துக்கொள்ளுங்கள். போன வாரம் அந்தப் பெரிய மழை பெய்தபோது நம் செட்டில் ஒருத்தி போன் போட்டாள். "ஏண்டி, உங்க மாமா ஏரியில ஒரு படகு வெச்சிருந்தாரே, அது இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

என்ன ஆச்சு என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். வயசாச்சு, பலகை உளுத்தது, கடைசியில் வெந்நீர் அடுப்புக்குப் போய்ச் சேர்ந்தது. நாமும் போகிற வழிதான். ஆனால் அதற்கு முன்னால் அதற்கு ஒரு மழைக்காலம் இருந்தது. அதைச் சொல்ல ஒரு வரி போதாது. டீயை எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

பெங்களூர் பிரேசர் டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கி, மர டிப்போவைத் தாண்டி, சரிவில் இறங்கினால் நம் தெரு. தெரு முடிகிற இடத்தில் ஏரி. இப்போது அங்கே கம்பி வேலி போட்டு, நடைபாதை போட்டு, வாசலில் டிக்கெட் கிழிக்கிறார்கள். அப்போது வேலி இல்லை. நாலைந்து கல்படி, படியில் பதித்த இரும்பு வளையம், துணி துவைக்கிற சத்தம், ஆகாயத்தாமரை வாசனை. பச்சைக் கீரையை ஈரத் துணியில் சுற்றி மறந்துபோனால் ஒரு வாசனை வருமே, அது.

அம்மாவின் தம்பிதான் நான் சொல்கிற மாமா. படித்தது கொஞ்சம், பார்த்த வேலை நிறைய. பிளாஸ்டிக் கம்பெனி, ஊதுபத்தி குடோன், ஒரு டாக்டர் வீட்டு டிரைவர். எதிலும் மூன்று மழை நிற்கவில்லை. அம்மா கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தாள். அப்பா பாம்பே லைன் லாரியில் போனால் எப்போது வருவார் என்று அந்த லாரிக்கே தெரியாது. அதனால் வீட்டில் எல்லாரையும் இழுத்துப் பிடிக்கிறது அம்மாவின் வேலை. "நான் விட்டா எல்லாம் அவிழ்ந்துடும்" என்பாள். எனக்குப் பின்னுகிற ஜடையில் புருவமே மேலே ஏறிவிடும்.

அப்படிப்பட்டவளின் தம்பி, ஒரு நாள் டெம்போவில் ஒரு படகை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். எங்கோ மூடிப்போன பார்க்கில் கிடந்ததாம். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருந்தேன், அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். டெம்போவுக்கு வெளியே அதன் மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. தெருப்பிள்ளைகள் பூராவும் பின்னால் ஓடினோம்.

"இன்னாடா இது?" என்றாள் அம்மா.

"படகுக்கா."

"தெரியுது. எதுக்குடா?"

"மீன் காண்ட்ராக்ட்காரர் வலை போட ஆள் தேடறாரு. தாமரை வாரணும்னாலும் இதுதான். கணபதி கரைக்க நடு ஏரிக்குப் போகணும்னா இதுதான்."

"கம்பெனிக்குப் போடான்னா கட்டையைக் கட்டிக்கினு வந்து நிக்கிறான்" என்று உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் வாயில் அது படகு இல்லை, "உன் கட்டை." கட்டைக்குப் போனியா, கட்டையில் தூங்கினியா.

மாமா கோபித்துக்கொள்ளவில்லை. தார் காய்ச்சி அடியில் பூசினார். மேலே நீலப் பெயின்ட். பக்கவாட்டில் கல்படி இடிக்காமலிருக்கப் பழைய டயர்களைத் தொங்கவிட்டார். டயர் கொடுத்தவர் நம் தெரு முனையில் பஞ்சர் கடை வைத்திருந்த பாய். மாமாவுக்கு அவர்தான் முதல் ரசிகர். "ரோட்டுல ஓடி ஓடி பேஜாரான டயர், கடைசில தண்ணில ரெஸ்ட் எடுக்குது. நமக்கும் அப்டி ஒரு இடம் கெடைக்கணும்" என்பார்.

அந்த வருஷம் மாமாவுக்குக் கல்யாணமாகி, மாமி பிரசவத்துக்கு ஆம்பூரில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். ஆயுத பூசைக்கு முந்தின வாரம் நாள் நெருங்கிவிட்டது, வா என்று எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது. மாமா பையைத் தூக்கிக்கொண்டார். ஆனால் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை, ஏரிக்கு ஓடினார். அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு.

"அக்கா, நல்லா கேட்டுக்கோ. மழைக்காலம். தார்ப்பாய் மேலேயே இருக்கணும். நடுவுல மூங்கில் கழி நிக்குது பாரு, அது சரிஞ்சா பாய்ல தண்ணி தேங்கும், தேங்கினா பாயே உள்ள போயிடும். மழை விட்டதும் வந்து பாரு. உள்ள தண்ணி இருந்தா டின்னால மொண்டு ஊத்திடு."

டின் என்றால், எண்ணெய் டின்னைச் சாய்வாக வெட்டி, முனையைத் தட்டி மழுக்கி, மரக் கைப்பிடி வைத்தது. மாமாவே செய்தது. தண்ணியை மொள்ளும்போது அது "களுக்" என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தை நான் வேறெங்கேயும் கேட்டதில்லை.

"எலி வரும், மீன் வாசனைக்கு. அந்துருண்டை போடு. அப்பறம் கயிறு." மாமா குனிந்து காட்டினார். முன்னாலும் பின்னாலும் இரண்டு கயிறு, வளையத்திலிருந்து படகுக்கு வளைந்து தொங்கிக்கொண்டு போயிற்று. "இது இப்படித் தொங்கணும். இழுத்துக் கட்டிடாத."

"தொங்கறது இன்னாடா கட்டு? காத்துல அலையும்."

"அலையட்டும். ஏரி மூச்சு விடும்க்கா. ஏறும், இறங்கும். படகும் கூடவே ஏறி இறங்கணும். படகும் மாப்பிள்ளையும் ஒண்ணு, இழுத்துக் கட்டினா கவுந்துடும்."

"ஏரி மூச்சு விடுதாம்" என்று அம்மா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். மாமா பஸ் ஏறும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தது அம்மாவை இல்லை, ஏரியை.

இனிமேல் சொல்லப்போவதற்கு ஒரு முன்குறிப்பு. அந்தப் படகு போனால் மாமா மறுபடியும் கம்பெனி வாசலில் நிற்கணும். அதுவும் பிள்ளை பிறக்கிற நேரத்தில். இது எனக்குத் தெரிந்திருந்தது. அம்மாவுக்கும் தெரியும் என்பது மட்டும் எனக்கு அப்போது தெரியாது.

ஆயுத பூசை வந்தது. நம் தெருவில் பொங்கலைவிட அதுதான் பெரிசு, ஞாபகமிருக்கும். தெரு பூரா ஏதாவது ஒரு சாமான் பிடித்துப் பிழைக்கிற ஜனம்தானே. ஆட்டோ, தையல் மிஷின், இஸ்திரிப் பெட்டி, கொத்தனார் கொல்லறு, எல்லாம் குளித்து, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு நிற்கும். சித்தப்பா ஆட்டோ ஓட்டினார். அப்பாவின் தம்பி, எங்களுக்கு அடுத்த வீடு. அவர் காலையிலேயே வந்து நின்றார்.

"அண்ணி, படகுக்குப் பூசை?"

"அவன் ஊர்ல இல்லியே."

"ஆள் இல்லேன்னா சாமானுக்கு சாமி இல்லையா? அண்ணி, அதுவும் சோறு போடற ஆயுதம். பட்டினி போட்டா கோவிச்சுக்கும்."

இந்தப் பேச்சுக்கு அம்மா மடங்கிவிட்டாள். கட்டை என்றாலும் தம்பி கட்டையல்லவா. எல்லாரும் ஏரிக்கு ஊர்வலமாகப் போனோம். தார்ப்பாயைக் கழற்றிச் சுருட்டிப் படியில் வைத்தார் சித்தப்பா. தார்ப்பாய் போர்த்திக்கொண்டு இருந்தால் அம்மன் பார்வை எப்படி விழும் என்று கேட்டார். படகின் மூக்கில் இரண்டு வாழைக்கன்று. செவ்வந்தி மாலை. துடுப்புக்குக் குங்குமம், டின்னுக்குக் குங்குமம், உட்காரும் பலகையில் பொரியும் கடலையும். சாமந்தியும் தாரும் கற்பூரமும் கலந்து ஒரு வாசனை வந்தது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பசிக்கும்.

கற்பூரம் காட்டப் போகும்போதெல்லாம் படகு மெல்ல நகர்ந்து தள்ளிப் போயிற்று. ஒருதரம், இரண்டுதரம். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நில்லு சனியனே" என்று இரண்டு கயிற்றையும் இழுத்து, கல்படியோடு கல்படியாக நெருக்கி, மூன்று முடிச்சுப் போட்டாள். தையல்காரி முடிச்சு. படகு அசையவில்லை. கற்பூரம் நன்றாக எரிந்தது.

"யாரும் தொடக் கூடாது" என்றார் சித்தப்பா. "படைச்சதைப் படைச்சபடி விடணும். நாளைக்கு விஜயதசமி, மறுபூசை பண்ணித்தான் கை வைக்கணும்."

தார்ப்பாயையும் திரும்பப் போடவில்லை. போட்டால் தொட்டதாகிவிடுமே.

பிறகு தெருவுக்குத் திரும்பி ஆட்டோ பூசை. நாலாவது சக்கரம் இல்லாத குறைக்கு சித்தப்பா நாலு எலுமிச்சம்பழம் வாங்கியிருந்தார். மூன்றைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கிக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு, தெருவை ஒரு ரவுண்டு போய் வந்தார். மிச்சமிருந்த ஒன்றை மிளகாயோடு கோத்து முன்னால் தொங்கவிட்டார். பாய் கடை வாசலில் உட்கார்ந்து பொரி தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் அவர் பார்க்கிற பூசை. ஆட்டோ கொஞ்சம் விலகினாலே, "ஏய், லெஃப்ட் வீல் லெமன்ல ஏறல, பின்னால எடு" என்று திருத்தம் சொல்வார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு மேலே மழை பிடித்தது. பெங்களூர் மழையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா. பனஸ்வாடி பக்கம் ஒரு கறுப்பு, அவ்வளவுதான், வாசலில் காயப்போட்ட துணியை எடுக்கும் முன்னால் தெரு ஆறாகிவிடும். எங்கள் வீட்டில் எல்லாரும் பூசை வடையைத் தின்றுவிட்டு, மழைச் சத்தத்துக்குச் சுகமாக உட்கார்ந்திருந்தோம். படகு ஞாபகம் யாருக்கும் வரவில்லை. அல்லது வந்தும், படைத்த சாமான், அம்மன் பார்த்துக்கொள்வாள் என்றிருந்தோம்.

பூத்துக்காரப் பையன் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். ஆம்பூர் போன். அம்மா ஓடினாள், நானும். பூத்தின் தகரக் கூரையில் மழை மத்தளம் அடித்தது. ரிசீவரில் மாமா கத்தியது எனக்கே கேட்டது.

"அக்கா! பொண்ணு! ரெண்டு பேரும் நல்லா கீறாங்க!"

அம்மா சிரித்தாள். கண்ணைத் துடைத்தாள்.

"அக்கா, அங்க மழையா? சத்தம் கேக்குது. படகு எப்படி இருக்குது?"

அம்மா சரிவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "படகு நல்லாயிருக்குதுடா. நீ குழந்தையைப் பாரு."

ரிசீவரை வைத்தவள் என் கையைப் பிடித்தாள். "வாடி. சொல்லிட்டேன். இப்ப அதை நிஜமாக்கணும்." செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சரிவில் ஓடினாள். என் அம்மா ஓடி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஏரி எங்கள் ஏரியாகவே இல்லை. கடைசி இரண்டு படிகளைக் காணோம். நம் தெருவிலிருந்து மழை இழுத்து வந்த வாழைக்கன்றும் மாலையும் பூசணித்தோலும் ஏரி வழிந்து போகிற கோடி வாயில் போய் அடைத்துக்கொண்டிருந்தன. தண்ணீர் போக வழியில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. அடைத்தது நாம்தான் என்று அப்போது ஒருத்தருக்கும் தோன்றவில்லை, மழையைத்தான் திட்டினோம்.

படகு ஏறவில்லை. அதுதான் சங்கதி. தண்ணீர் ஏற, அம்மாவின் முடிச்சு அதைக் கல்படியோடு கீழே பிடித்துக்கொண்டிருந்தது. கரைப்பக்கம் தாழ்ந்து, அந்தப்பக்கம் தூக்கி, கழுத்தைப் பிடித்து அமுக்கின எருமை மாதிரி நின்றது. உள்ளே பாதிக்கு மழைத் தண்ணி. பொரி மிதந்தது. தாழ்ந்த பக்கம் விளிம்புக்கும் ஏரிக்கும் நாலு விரல்கூட இல்லை. ஒவ்வொரு அலைக்கும் ஒரு வாய் உள்ளே போயிற்று.

பின்னாலேயே சித்தப்பா வந்தார், அவர் பின்னால் குடையும் கோணியுமாகத் தெருவில் பாதி.

"டின்னை எடுங்க தம்பி!" என்றாள் அம்மா.

சித்தப்பா ஒரு காலை எடுத்து வைத்தார், திரும்ப வைத்துக்கொண்டார். "அண்ணி, படைச்சது."

"முழுகுது!"

"தெரியுது அண்ணி. ஆனா குழந்தை பொறந்த நாள். இன்னிக்குப் போய் அபசாரம் பண்ணினா நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

இந்த இடத்தில் அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அந்தப் பேச்சில் அம்மாவின் கையும் நின்றுவிட்டது. பச்சைப் பிள்ளையை இழுத்துவிட்டாரே. யாரோ ஒருவர், அடியில்தான் தக்கை வைத்த ஓட்டை இருக்குதே, தக்கையைப் பிடுங்கிவிட்டால் தண்ணி தானாகப் போய்விடுமே என்றார். "பிடுங்கு, ஏரியே உள்ள வந்து உக்காரும்" என்றாள் படியில் தினமும் துணி துவைக்கிற அக்கா.

"பாய், நீங்க எடுங்க" என்று அம்மா திரும்பினாள். பாய் டயர் நெம்புகிற இரும்பு லிவரைக் கையில் வைத்தபடியே வந்திருந்தார். "உங்களுக்குப் பூசை கட்டு இல்லியே" என்றாள் அம்மா.

பாய் தலையை ஆட்டினார். "நக்கோ அக்கா. நீங்க சாமிக்கு வெச்ச பொருளு. நான் தொட்டா நாளைக்கு யாராச்சும் ஒரு வார்த்தை சொல்வான். எனக்கு வேணாம், உங்களுக்கும் வேணாம்." பிறகு குனிந்து பார்த்தார். "கயித்துக்குக் குங்குமம் வெச்சீங்களா?"

யாருக்கும் ஞாபகமில்லை. நான்தான் சொன்னேன். "வெக்கல. துடுப்பு, டின்னு, மூக்கு. கயித்துக்கு வெக்கல."

"அப்போ கயிறு என்னோடது" என்று முழங்கால் தண்ணியில் இறங்கினார். நனைந்த முடிச்சு கல்லாகியிருந்தது. லிவர் முனையை உள்ளே விட்டு நெம்பினார். "யாருப்பா கட்டினது இது? எமனுக்கே அவிழாது." அம்மா முந்தானையைப் பிழிந்தாள். முன்கயிறு விட்டது, பிறகு பின்கயிறு. படகு பெரிசாக ஒரு ஏப்பம் விட்டது போல் சத்தம் போட்டு நிமிர்ந்தது. உள்ளிருந்த தண்ணி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒருதரம் போய் வந்தது. மூழ்கவில்லை. ஆனால் மழை நிற்கிறதாகவும் இல்லை, இன்னும் ஒரு சாண் நிரம்பினால் நிமிர்ந்தும் பிரயோஜனமில்லை.

பாய் கயிற்றைப் பிடித்தபடி சித்தப்பாவைப் பார்த்தார். "ஏம்ப்பா, நான் கேக்கறேன்னு நெனைக்காத. உன் ஆட்டோ லெமன் மேல ஏறிச்சு. ரவுண்டு போச்சு. அப்பறம்தான் பூஜை முடிஞ்சுதுன்னு நீ எனக்கு வடை குடுத்தே. கரெக்டா?"

"ஆமா பாய்."

"போட்டு லெமன்ல ஏறுச்சா?"

சித்தப்பா வாயைத் திறந்தார்.

"ரவுண்டு போச்சா? போகலியே. அப்போ பூஜை எங்கப்பா முடிஞ்சுது? பாதில நிறுத்திட்டு தொடாத தொடாதன்னா?"

சித்தப்பா தெருவை நோக்கி ஓடினார். ஆட்டோ முன்னால் தொங்கிய எலுமிச்சம்பழத்தை மிளகாயோடு பிய்த்துக்கொண்டு வந்தார். படகின் மூக்குக்கு முன்னால் தண்ணியில் போட்டார். அம்மா புடவையைத் தூக்கிச் செருகி இறங்கினாள். அவளும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ள, படகு பழத்தின் மேல் ஏறிப் போயிற்று. பழம் அடியில் போய், பின்பக்கம் "பொளக்" என்று முழுசாக வந்து மிதந்தது.

"நசுங்கலியே அண்ணி!"

"ஏறுச்சா இல்லியா?"

"ஏறுச்சு."

"அவ்வளோதான்" என்று அம்மா கை நீட்டி டின்னை எடுத்தாள்.

களுக், களுக், களுக். நான் உள்ளே ஏறிப் பூசைச் சொம்பால் மொண்டேன். துவைக்கிற அக்கா வாளியோடு ஏறினாள். சித்தப்பா ஆட்டோவில் தண்ணி பிடிக்கிற கேனை அறுத்துக்கொண்டு வந்தார். ஒருத்தர் குடை பிடித்தார், எங்களுக்கு இல்லை, படகுக்கு. பாய் மட்டும் கடைசிவரை தொடவில்லை. கயிற்றைப் பிடித்தபடி, தண்ணி ஏற ஏறக் கொஞ்சம் விட்டுக் கொடுத்துக்கொண்டே நின்றார். வெளிச்சம் போகிற நேரத்துக்கு மழை தூறலானது. பலகை தெரிந்தது. தார்ப்பாயைப் போட்டு, மூங்கிலை நிறுத்தினோம். குளிருக்கு மிச்ச வடையைச் சூடு பண்ணித் தின்றோம். அந்த வடை மாதிரி நான் இன்னும் தின்னவில்லை.

கயிற்றை அம்மாதான் மறுபடி கட்டினாள். நான் பக்கத்தில் நின்றேன். கட்டினாள், பின்னால் போய்ப் பார்த்தாள், அவிழ்த்துக் கொஞ்சம் விட்டுக் கட்டினாள். இன்னும் கொஞ்சம் விட்டாள். அவள் கைக்கு அது பழக்கமில்லாத வேலை. அளந்து அளந்து சோறு போடுகிறவள் தாராளமாகத் தானம் அளக்கிற மாதிரி இருந்தது.

மாமா வந்தது ஞாயிற்றுக்கிழமை. கையில் ஆம்பூர்ப் பை, சட்டைப் பையில் குழந்தையின் தலைமயிர் ஒன்று காகிதத்தில் மடித்து. வீட்டுக்கு வராமல் நேரே ஏரிக்குப் போய்விட்டார் என்று பிள்ளைகள் சொல்ல, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். வழியில் சித்தப்பாவிடம், "வாயைத் திறந்தீங்க, உங்க ஆட்டோவை ஏரியில விட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மாமா தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே காய்ந்திருந்தது. அந்துருண்டை வாசனை. குங்குமம் எல்லாம் கரைந்து பலகை ரோஸ் நிறத்தில் இருந்தது. படி ஓரத்துத் தாமரைச் சந்தில் ஒரு எலுமிச்சம்பழம், மிளகாயோடு, மிதந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கயிற்றிடம் போனார். விரலால் தொட்டு ஆட்டினார். ஊஞ்சல் மாதிரி ஆடிற்று.

"யாருக்கா கட்டினது?"

"ஏன், சரியில்லியா?"

"தொங்குது."

"தொங்கணும்னுதானே சொன்ன?" அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஏரிப் பக்கம் பார்த்தபடி, ஏதோ மாமாவுக்குத் தெரியாத விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "ஏரி மூச்சு விடும்டா."